இது எந்தக் காட்டு ரோஜா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜூன், டிசம்பர் பள்ளி விடுமுறைகள் முடிந்ததும் என் கைப்பேசிக்கு ரோஜாப் படங்கள் வரத் தொடங்கிவிடும். ஜப்பானின் ஹொக்காய்டோ கடற்கரை, இங்கிலாந்தில் படிக்கும் மகளின் வாடகை வீட்டு வேலி, நியூசிலாந்துச் சாலையோரம், கொடைக்கானல் சோலை என்று இடங்கள் மாறும். கேள்வி மட்டும் மாறாது: "அக்கா, இது என்ன ரோஜா?"

சிங்கப்பூரில் எங்கள் அடுக்குமாடி புளோக் அடியில் உள்ள சமூகத் தோட்டத்தில் செடி அடையாளம் சொல்லும் வேலை என்னிடம் வந்து சேர்ந்து பல ஆண்டுகள் ஆகின்றன. வரும் படங்களில் பெரும்பாலானவற்றில் ஐந்து இதழும் நடுவில் மஞ்சள் மகரந்தமும்தான் இருக்கும். உலகில் நூற்றுக்கும் மேற்பட்ட காட்டு ரோஜா இனங்கள் உள்ளன. ஏறத்தாழ எல்லாவற்றுக்கும் முகம் அதேதான். அடையாளம் பூவின் முகத்தில் இல்லை. அதன் கழுத்திலும் இலைக் காம்பின் அடியிலும் இருக்கிறது. திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கான பதில்களை இங்கே ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

சிங்கப்பூரில் காட்டு ரோஜா உண்டா?

இல்லை. ரோஜாப் பேரினம் முழுவதும் பூமியின் வட பாதியைச் சேர்ந்தது. தென் பாதியில் இயற்கையாகத் தோன்றிய ரோஜா ஒன்றுகூட இல்லை. நாம் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே வெறும் 137 கிலோமீட்டரில் இருக்கிறோம். கணக்குக்கு வட பாதிதான் என்றாலும், பெரும்பாலான காட்டு ரோஜாக்களுக்கு ஒரு குளிர்காலமாவது வேண்டும். இலையுதிர்த்து உறங்கி எழுந்தால்தான் அவை மொட்டு விடும். இங்கே உறக்கமும் கிடையாது, ஈரக்காற்றில் கரும்புள்ளி நோயும் விடாது.

அப்படியானால் நம் வீட்டு நடையோரத் தொட்டியில் ஆண்டு முழுதும் பூப்பது எது என்று அடுத்த கேள்வி வரும். அது சீன ரோஜாவின் வழி வந்தது. காட்டு ரோஜாக்களில் மிகப் பல ஆண்டுக்கு ஒரு முறைதான் பூக்கும். சீனத் தோட்டங்களில் வளர்த்த ரோஜாவில் ஏற்பட்ட ஒரு மரபணு மாற்றத்தால் அது நிற்காமல் பூக்கத் தொடங்கியது. அந்தக் குணம்தான் இன்றைய தொட்டி ரோஜாக்களில் ஓடுகிறது.

ரோஸ் என்று பெயர் வைத்து நர்சரியில் விற்பவை எல்லாம் ரோஜாதானே?

டேபிள் ரோஸ் பருப்புக்கீரைக்குத்தான் கிட்டத்து உறவு. பாலைவன ரோஜா அரளிக் குடும்பம். சீனப் புத்தாண்டுக்குத் தொட்டி தொட்டியாக விற்கிறார்களே, அடி பருத்த செடி, அதுதான். அதன் பால் நஞ்சு. குழந்தைகள் இருக்கும் வீட்டில் கவனம் வேண்டும்.

அதிகம் ஏமாற்றுவது ரோஜாக் கள்ளி. மலாய்க்காரர்கள் ஜாரும் தூஜோ பிலா என்பார்கள். பழைய வீவக (அரசு அடுக்குமாடி வீட்டு) புளோக்குகளின் ஓரத்தில் ஆளுயரத்துக்கு நிற்கும். ஆரஞ்சுச் சிவப்பில் பூவும் உண்டு, முள்ளும் உண்டு, அகன்ற பச்சை இலையும் உண்டு என்பதால் காட்டு ரோஜா என்றே பலர் நம்புகிறார்கள். முள்ளைப் பாருங்கள். ஒரே புள்ளியிலிருந்து கொத்தாக, ஊசிக்கட்டு போல் கிளம்பும். அது கள்ளிகளுக்கே உரியது. பனாமா, கொலம்பியா பக்கத்துச் செடி அது. ரோஜாவின் முள் தண்டின் மேல்தோல் புடைத்து உண்டாவது. பக்கவாட்டில் கட்டைவிரலால் அழுத்தினால் பட்டென்று பெயர்ந்து வந்துவிடும். காகிதப்பூச் செடியின் முள்ளை அப்படிப் பெயர்க்க முடியாது, அது கிளையே முள்ளாக மாறியது.

வெள்ளைப் பூ, முள், சிவப்புப் பழம். இது ரோஜாவா, ராஸ்ப்பெர்ரி வகையா?

இரண்டும் ஒரே குடும்பம் என்பதால் குழப்பம் நியாயமானது. சிங்கப்பூரின் காட்டோரங்களில் ரூபஸ் மொலுக்கானஸ் என்ற காட்டு ராஸ்ப்பெர்ரி படர்ந்திருக்கும். அதன் இலை திராட்சை இலை போல் ஒற்றை இலை, அடியில் மெல்லிய ரோமம். ரோஜா இலை சிற்றிலைகளாகப் பிரிந்திருக்கும், ஆகவே இங்கே சிக்கல் இல்லை.

நீலகிரியிலோ கொடைக்கானலிலோ சிற்றிலை உள்ள ராஸ்ப்பெர்ரிகளும் உண்டு. மஞ்சள் பழம் பழுக்கும் ரூபஸ் எலிப்டிகஸ் அவற்றில் ஒன்று, மூன்று சிற்றிலை கொண்டது. அங்கே பூவின் நடுவைப் பாருங்கள். ராஸ்ப்பெர்ரியில் ஒரு சிறு மேடு இருக்கும். அதன்மேல் குட்டிக் குட்டிச் சூலகங்கள் ஒட்டியிருக்கும். ரோஜாவில் மேடு இல்லை, குடம் இருக்கிறது. சூலகங்கள் எல்லாம் குடத்துக்குள் ஒளிந்திருக்க, அவற்றின் நுனிகள் மட்டும் வாய் வழியே எட்டிப் பார்க்கும். பிறகு சிவந்து பழமாவது அந்தக் குடம்தான்.

பூவின் படம் மட்டும் போதாதா?

போதாது. நான் இதை என் இழப்பிலிருந்தே சொல்கிறேன். கொடைக்கானலில் ஒரு சோலையின் விளிம்பில் மரத்தின் மீது ஏறிப் பூத்திருந்த வெள்ளை ரோஜாவை நாற்பது படம் எடுத்தேன். நாற்பதும் பூ. வீடு திரும்பி உட்கார்ந்தபோது இலைக் காம்பின் அடி ஒரு படத்திலும் தெளிவாக இல்லை. அந்தச் செடிக்கு இன்றுவரை உறுதியாகப் பெயர் சொல்ல எனக்கு வழியில்லை.

முதலில் பார்க்க வேண்டியது இலையடிச் செதில். இலைக் காம்பு தண்டில் சேரும் இடத்தில், காம்பின் இரு பக்கமும் சிறகு போல் ஒட்டிய பச்சை விளிம்பு. அது நேராக இருக்கிறதா, சீப்புப் பல்லாகக் கிழிந்திருக்கிறதா, காம்போடு ஒட்டியிருக்கிறதா, தனியாக உதிர்கிறதா? இந்த ஒரு சென்டிமீட்டர் சொல்லும் சேதியைப் பூ முழுவதும் சேர்ந்தாலும் சொல்லாது.

அடுத்து, பூ நடுவில் உள்ள சூல்தண்டுகள், அதாவது குடத்தின் வாய் வழியே எட்டிப் பார்க்கும் சூலக நுனிகள். சில ரோஜாக்களில் அவை ஒன்றோடொன்று ஒட்டி ஒரே தூணாக, தீக்குச்சி நட்டது போல் நீண்டு நிற்கும். மற்றவற்றில் தனித்தனியாக, தட்டையான பஞ்சுப் பொத்தானாக வாயை அடைத்திருக்கும். வெள்ளை ரோஜா எதுவானாலும் நான் முதலில் கேட்பது இதைத்தான்.

பிறகு முள் கொக்கியா நேரா, எல்லாம் ஒரே அளவா கலந்ததா; இலையின் அடிப்பக்கம் வழவழப்பா, ரோமமா, ஒட்டும் சுரப்பியா; காய் இருந்தால் அதன் தலையில் புல்லி இதழ் (மொட்டை மூடியிருந்த பச்சை இதழ்) நிற்கிறதா உதிர்ந்துவிட்டதா. எத்தனை சிற்றிலை என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள், ஆனால் அதை மட்டும் நம்பாதீர்கள். ஒரே கொடியிலேயே ஐந்தும் ஏழும் கலந்து வரும்.

புல்லி இதழில் என்ன பார்ப்பது?

ஐரோப்பாவில் இதற்கு ஒரு பழைய லத்தீன் விடுகதை உண்டு. நம் மொழியில் சொன்னால்: அண்ணன் தம்பி ஐந்து பேர்; இருவருக்குத் தாடி, இருவருக்குத் தாடியில்லை, ஒருவனுக்குப் பாதித் தாடி. விடை, நாய் ரோஜாவின் ஐந்து புல்லி இதழ்கள்.

மொட்டில் அந்த ஐந்தும் ஒன்றின்மேல் ஒன்று சுற்றியிருக்கும். வெளியே தெரியும் விளிம்பில் மட்டும் கிளைக் கிளையாக நாக்குகள் வளரும். உள்ளே மூடிய விளிம்பு வழவழவென்று நிற்கும். வெளிப்புற இரண்டுக்கும் இரு விளிம்பும் திறந்தவை, உட்புற இரண்டுக்கும் இரண்டும் மூடியவை, ஐந்தாவதுக்கு ஒரு பக்கம் உள்ளே, ஒரு பக்கம் வெளியே. சிங்கப்பூரின் தேக்கா சந்தையில் காம்போடு ரோஜா வாங்கினால் பூவைத் தலைகீழாகத் திருப்பிப் பாருங்கள். பல தோட்ட ரோஜாக்களிலும் இந்தக் கணக்கு அப்படியே இருக்கும். சமூகத் தோட்டத்துக்கு வரும் பிள்ளைகளிடம் இதைக் காட்டினால் அடுத்த பூவை அவர்களே திருப்பிவிடுவார்கள்.

எல்லா ரோஜாவிலும் இது இல்லை. ஹொக்காய்டோவின் ஹமனாசு ரோஜாவில் புல்லி இதழ்கள் கிளைக்காமல் நீண்டு ஒடுங்கியிருக்கும். ஆகவே தாடி இருப்பதும் இல்லாததும் நல்ல அடையாளம்.

இங்கிலாந்து வேலியோரம் பூக்கும் இளஞ்சிவப்பு ரோஜா எது?

பெரும்பாலும் ரோசா கனைனா, நாய் ரோஜா. வெறிநாய்க் கடிக்கு அதன் வேர் மருந்து என்ற பழைய நம்பிக்கையால் வந்த பெயர். வில்லாக வளையும் உயரமான கிளை, கிளியின் மூக்கு போல் வளைந்த பருத்த முள், சுரப்பி இல்லாத இலை, தனித்தனிச் சூல்தண்டுகள். காய் சிவக்கும் முன்பே புல்லி இதழ்கள் பின்னால் மடங்கி உதிர்ந்துவிடும்.

வெள்ளையாக இருந்தால் ரோசா ஆர்வென்சிஸ் ஆக இருக்கலாம். அது நிமிராமல் தரையிலும் புதர்மேலும் தவழும். தண்டு மெலிது, சூல்தண்டுகள் ஒட்டித் தூணாக நிற்கும். நாய் ரோஜாவும் சில சமயம் வெள்ளையாகப் பூக்கும் என்பதால் இங்கே நிறம் எதையும் தீர்மானிக்காது, தூண்தான் தீர்மானிக்கும். கடலோர மணல்மேட்டில் முழங்கால் உயரத்துக்கு, நேரான ஊசிமுட்கள் நெருங்கி, பால் வெள்ளைப் பூவும் கறுத்த காயுமாக இருந்தால் அது ரோசா ஸ்பைனோசிசிமா. கறுப்புக் காய் என்ற ஒன்றே போதும், வேறு எதோடும் குழப்ப வேண்டியதில்லை.

நாய் ரோஜாக் கூட்டத்துக்குள் மேலும் பிரிக்க முயன்றால் வல்லுநர்களே தடுமாறுவார்கள். காரணம் அதன் பிறப்பு முறை. நாய் ரோஜாவின் ஒவ்வொரு செல்லிலும் 35 குரோமோசோம்கள். மகரந்தம் வழியாகத் தந்தை தருவது 7, சூல்முட்டை வழியாகத் தாய் தருவது 28. பிள்ளை ஏறத்தாழ முழுக்கத் தாயையே உரித்து வைத்திருக்கும். அதனால் ஒவ்வொரு பள்ளத்தாக்கிலும் தாய்வழிச் சாயல் ஒன்று நிலைத்துப்போகிறது; அவற்றுக்கிடையே கலப்பும் நடக்கிறது. "நாய் ரோஜாக் கூட்டம்" என்று எழுதி நிறுத்துவது தோல்வி இல்லை. தெரிந்தவர்களும் அப்படித்தான் எழுதுகிறார்கள்.

நியூசிலாந்தின் தென் தீவில் சாலை நெடுகச் சிவப்புக் காயோடு நின்றதே?

ஐரோப்பியக் குடியேறிகளோடு போய்க் காடேறிய ரோசா ரூபிஜினோசா, இனிப்பு முள்ரோஜா. மத்திய ஒட்டாகோவின் வறண்ட சரிவுகளில் அது களையாகவே பரவிக் கிடக்கிறது. ஓர் இலையைக் கசக்கி முகருங்கள். பச்சை ஆப்பிளை அப்போதுதான் நறுக்கியது போல் மணக்கும். இலையின் அடியில் காம்பு வைத்த பழுப்புச் சுரப்பிகள் நெருங்கி இருப்பதால் வரும் மணம் அது. மழை பெய்து ஓய்ந்தால் செடிக்கு அருகில் நடக்கும்போதே வரும். நாய் ரோஜாவுக்கு இது கிடையாது.

மணம் தெரியாத வறண்ட நாளில் காயைப் பாருங்கள். இனிப்பு முள்ரோஜாவில் காய் சிவந்த பிறகும் புல்லி இதழ்கள் நிமிர்ந்து கிரீடம் போல் நிற்கும். முள்ளிலும் வேறுபாடு உண்டு: பெரிய கொக்கிகளுக்கு நடுவே நேரான சின்ன ஊசிகளும் கலந்திருக்கும்.

ஜப்பானில் பார்த்த சின்ன வெள்ளை ரோஜாக் கொத்து?

இரண்டில் ஒன்று. ரோசா மல்டிஃப்ளோராவை ஜப்பானியர் நோயிபாரா என்கிறார்கள். மற்றது ரோசா லூசியே, தெரிஹா நோயிபாரா. தெரிஹா என்றால் மின்னும் இலை. பெயரிலேயே அடையாளத்தை வைத்துவிட்டார்கள்: எண்ணெய் தடவியது போல் இலை மினுங்கி, கொடி தரையோடு படர்ந்தால் லூசியே. இலை மங்கலாக, புதர் நிமிர்ந்து வளைந்தால் மல்டிஃப்ளோரா.

உறுதி செய்ய இலையடிச் செதிலைப் பாருங்கள். மல்டிஃப்ளோராவில் அது ஆழமாகக் கிழிந்து, பேன் சீப்பின் பற்களைப் போல் இருக்கும். லூசியேயில் சிறு பற்கள் மட்டும். இரண்டிலும் சூல்தண்டுகள் தூணாக ஒட்டியிருக்கும். மல்டிஃப்ளோராவில் தூண் வழவழப்பு, லூசியேயில் ரோமம். கைப்பேசிக் கேமராவைப் பெரிதாக்கினால் இது தெரியும்.

ஹொக்காய்டோ கடற்கரையில் உள்ளங்கை அகலத்துக்கு ஊதா கலந்த அடர் இளஞ்சிவப்பாகப் பூப்பது ஹமனாசு, ரோசா ருகோசா. அந்த மாநிலத்தின் மலரும் அதுதான். சுருக்கம் விழுந்த தடித்த இலை, ரோமம் படர்ந்த அடர்ந்த முட்கள், குட்டித் தக்காளி போல் தட்டையான பழம். உள்நாட்டு மலைகளில் இதைப் போலவே பூக்கும் ரோசா அசிக்குலாரிஸின் இலை மெல்லியது, சுருக்கமற்றது, பழம் நீண்டிருக்கும்.

கொடைக்கானல், ஊட்டியில் பார்க்கும் வெள்ளை ரோஜா நம் மண்ணின் ரோஜாவா?

ஆக இருக்கலாம். என்னை மிகவும் ஈர்க்கும் கேள்வி இது. மேற்குத் தொடர்ச்சி மலையின் உயரங்களில், பழனி மலையிலும் நீலகிரியிலும், சோலைகளின் ஓரத்தில் ஏறிப் படரும் ரோசா லெஷனோல்டியானா தென்னிந்தியாவுக்கே உரிய காட்டு ரோஜா. 1816-இல் புதுச்சேரிக்கு வந்த பிரெஞ்சுத் தாவரவியலாளர் லெஷனோவின் பெயர் அதற்கு. தமிழ் பேசும் மலைகளில் விளையும் ரோஜா என்பதால் எனக்கு அதன்மேல் தனிப் பிரியம்.

பூ வெள்ளை, கொத்தாக வரும். சூல்தண்டுகள் ஒட்டித் தூணாக நிற்கும். பங்களா வேலிகளில் நட்ட மல்டிஃப்ளோராவும் வெள்ளைதான், தூணும் உண்டு. ஆகவே மறுபடியும் இலையடிச் செதில்: சீப்புப் பல் இருந்தால் நட்டது, இல்லையென்றால் சோலையின் பிள்ளை என்று நினைக்க இடம் உண்டு. எங்கே நின்றது என்பதும் சாட்சி. வேலியிலா, காட்டு விளிம்பிலா என்று குறித்து வையுங்கள்.

இந்தியாவில் இன்னொரு அபூர்வம், வங்கத்துச் சதுப்புகளில் தண்ணீரில் கால் நனைத்து நிற்கும் ரோசா கிளினோஃபில்லா. அதுவும் வெள்ளை. வெள்ளத்தைத் தாங்கும் ரோஜா வேறெங்கும் தேடினாலும் கிடைப்பது அரிது.

மூன்றே சிற்றிலை, பெரிய வெள்ளைப் பூ?

ரோசா லேவிகேட்டா. தென் சீனம், தைவான், வியட்நாம் பக்கத்துச் செடி. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலம் 1916-இல் தன் மலராக அறிவித்ததும் இதையே. பூக்காம்பும் காயும் முழுக்க முள்மயிர். இதோடு குழம்பும் ரோசா பிராக்டியேட்டாவில் சிற்றிலைகள் அதிகம், பூவுக்கு அடியிலேயே ரோமம் நிறைந்த பூவடிச் செதில்கள் சூழ்ந்திருக்கும்.

பூட்டானில் நான்கு இதழ் ரோஜா பார்த்தேன். ஓர் இதழ் உதிர்ந்துவிட்டதா?

உதிரவில்லை. ரோசா செரீசியாவுக்குப் பெரும்பாலும் இதழ் நான்குதான். முகத்தை வைத்தே அடையாளம் சொல்ல உதவும் அபூர்வமான காட்டு ரோஜா இது.

என் தொட்டி ரோஜாவின் அடியிலிருந்து வேறு மாதிரி கிளை வருகிறது, பூக்கவே இல்லை. காட்டு ரோஜாவாக மாறிவிட்டதா?

மாறவில்லை, விழித்துக்கொண்டது. ஒட்டுக்கட்டிய ரோஜாவில் மேலே இருப்பது ஒரு செடி, வேர் இன்னொரு செடி. வேருக்கு ஆசியாவில் பரவலாகப் பயன்படுத்துவது ரோசா மல்டிஃப்ளோரா. ஒட்டுக்குக் கீழிருந்து வெளிறிய பச்சையில் நீண்ட தளிர் சீறிக்கொண்டு வந்தால் அதன் இலையடிச் செதிலைப் பாருங்கள். சீப்புப் பல் தெரிந்தால், சிங்கப்பூரில் உங்கள் வீட்டு நடையோரத்திலேயே ஒரு காட்டு ரோஜா நிற்கிறது.

ஏழு சிற்றிலை வந்தாலே வேர்த்தளிர் என்று பலர் வெட்டிவிடுகிறார்கள். தவறு. நல்ல தோட்ட ரோஜாக்கள் பலவற்றுக்கும் ஏழு வரும். தளிர் ஒட்டுக்குக் கீழே கிளம்புகிறதா என்று மண்ணை விலக்கிப் பார்த்த பிறகு, அது தோன்றும் இடத்திலேயே பிய்த்தெடுங்கள். மேலாகக் கத்தரித்தால் இரண்டாக வரும்.

பன்னீர் ரோஜா காட்டு ரோஜாவா?

இல்லை. பன்னீர் வடிக்கும் டமாஸ்க் ரோஜா ஒரு பழைய கலப்பு. 2000-இல் வெளிவந்த மரபணு ஆய்வில் ரோசா மொஸ்காட்டா, ரோசா கேலிக்கா, ரோசா ஃபெட்ஷென்கோவானா ஆகிய மூன்று இனங்களின் வழி அதில் இருப்பது தெரிந்தது. தேக்கா மாலைக் கடைகளில் பன்னீர் ரோஜா என்று வருவது பெரும்பாலும் வேறு கலப்பு, எட்வர்டு ரோஜா.

காட்டு ரோஜாப் பழத்தைத் தின்னலாமா?

உண்மையான ரோஜாப் பழம் எதுவும் நஞ்சில்லை, வைட்டமின் சி நிறைந்தது. இரண்டாம் உலகப் போரில் ஆரஞ்சு கிடைக்காத பிரிட்டனில் ஊர் ஊராகப் பழம் பறித்துப் பாகு காய்ச்சிக் குழந்தைகளுக்குக் கொடுத்தார்கள். உள்ளே விதையைச் சூழ்ந்த ரோமம் தொண்டையில் அரிக்கும், அதைச் சுரண்டி எறிய வேண்டும். சாலையோரப் புதருக்குக் களைக்கொல்லி அடித்திருக்கலாம் என்பதால் நான் பறிப்பதில்லை.

செயலியில் படம் போட்டால் பெயர் வந்துவிடுகிறதே?

வருகிறது, ஆனால் அதுவும் நீங்கள் காட்டியதைத்தான் பார்க்கிறது. பூவை மட்டும் காட்டினால் அருகில் அதிகம் பதிவான ரோஜாவின் பெயரைச் சொல்லும். ஐநேச்சுரலிஸ்ட் போன்றவற்றில் ஒரே பதிவில் பல படங்களைச் சேர்க்கலாம். முழுச் செடி, தண்டும் முள்ளும், இலையடிச் செதில், இலையின் அடிப்பக்கம், பக்கவாட்டில் பூவின் கழுத்து, காய் என்று போட்டால் அங்குள்ள தாவரவியலாளர்கள் வந்து திருத்துவார்கள்.

ஒரு குச்சி ஒடித்துக் கொண்டுவரலாமா?

வேண்டாம். செடி, கிளை, வேர் எதையும் அனுமதியும் தாவர நலச் சான்றிதழும் இல்லாமல் சிங்கப்பூருக்குள் கொண்டுவரக் கூடாது. தமிழ்நாட்டுக் காப்புக்காடுகளில் ஒடிப்பதே குற்றம். கொண்டுவந்தாலும் சோலைக் குளிரில் வளர்ந்தது நம் நடையோர வெயிலில் பூக்காது.

அடுத்த டிசம்பரில் கொடைக்கானல் போகிறவர்கள் யாராவது சோலை விளிம்பில் வெள்ளை ரோஜாக் கொடியைப் பார்த்தால், அந்த மாதத்தில் பூ இருக்காவிட்டாலும் பரவாயில்லை. ஓர் இலைக் காம்பின் அடியை, பின்னால் உள்ளங்கையை வைத்து, நெருங்கி ஒரு படம் எடுத்து அனுப்புங்கள்.